பஞ்சில் அழுகிய பயறும் இருபது பிள்ளைகளும்

கேள்வி: தனியார் நர்சரிப் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றரை வயதிலிருந்து நாலரை வரை 20 பிள்ளைகள். உதவிக்கு ஓர் ஆயா. மாதம் ஒரு தலைப்பில் செயல்பாடுகள் நடத்தச் சொல்கிறார்கள். போன மாதம் 'செடிகள்'. சார்ட் மாட்டினேன், வண்ணம் தீட்டத் தாள் கொடுத்தேன், நவதானியத்தை ஒட்டி இலைப் படம் செய்தோம், ஆளுக்கொரு கப்பில் பஞ்சு வைத்துப் பயறு போட்டோம். பயறு பாதிக்கு மேல் அழுகி நாறிவிட்டது. தானியத்தை வாரி இறைத்தார்கள். ஒரு பையன் பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டான். ஒரு குழந்தை மண்ணையோ பசையையோ தொட மாட்டேன் என்று அழுகிறாள். 'எழுத வைக்காமல் என்ன விளையாட்டு?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆடி மாதத்தில் இரண்டு வாரம் இதையே திரும்பச் செய்யப் பள்ளி சம்மதித்திருக்கிறது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். 'செடிகள்' வேண்டாம், 'விதை' போதும். ஒரு தலைப்பு இந்த வயதுக்கு ஆகுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. அது ஒரு முறத்துக்குள் அடங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு பிள்ளையின் கை ஐந்து வேலையாவது செய்ய வேண்டும். விதை என்றால் அள்ளலாம், ஊற்றலாம், பொறுக்கலாம், சலிக்கலாம், ஊறவைக்கலாம், தோலுரிக்கலாம், புதைக்கலாம். 'விண்வெளி' என்றொரு தலைப்பு பல பள்ளிகளில் ஓடுகிறது. அதில் பிள்ளை கையில் எடுக்க என்ன கிடைக்கும்? தெர்மாகோல் உருண்டைதான்.

உங்கள் பட்டியலை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். சார்ட் நீங்கள் செய்தது. வண்ணத்தாளில் இலைக்குப் பதில் யானை இருந்திருந்தாலும் கை அதே வேலையைத்தான் செய்திருக்கும். நவதானியப் படத்தில் பசை தடவியது ஆயா, ஓரத்தைச் சரிசெய்தது நீங்கள். நடுவில் பிள்ளைகள் முறைக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கும் கையில் தானியம் இருந்தால் அது பறக்கத்தான் செய்யும். வாரி இறைத்தது குறும்பால் என்று நினைக்க வேண்டாம். இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வேலை கொடுத்ததால் வந்தது அது.

திட்டம் எழுதும்போது ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கை என்ன செய்யும், வாய் என்ன சொல்லும், என்ன சாமான் வேண்டும். முதல் பத்தியில் வினைச்சொல் மட்டும் வரட்டும். 'விதையைப் பற்றி அறிதல்' என்று எழுதினால் அன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை என்று பொருள். 'ஊறிய மொச்சையைப் பிதுக்குதல்' என்று எழுதினால் எத்தனை மொச்சை, எப்போது ஊறப்போடுவது, தோலைப் போட எந்தக் கிண்ணம் என்று மற்றதெல்லாம் தானாக வரும். இரண்டாம் பத்தியில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம்: ஊறியது, உப்பியது, வெடித்தது, முளை, வேர், தளிர், வழவழப்பு, சொரசொரப்பு.

சாமான் வாங்கும் முன் பாதுகாப்பு. மூக்கில் விதை போனால் ஈரம் பட்டு உப்பும், நேரம் ஆக ஆக எடுப்பது கடினம். ஹேர்பின், ஈர்க்குச்சி விட்டு நோண்டினால் உள்ளேதான் தள்ளும். தண்ணீரும் விடக் கூடாது. பிள்ளையைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்து, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு. இனி விதை இருக்கும் மூலையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும்; எழுந்து போக நேர்ந்தால் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

விதைகளை மளிகைக் கடையில் வாங்குங்கள். உரக்கடைப் பாக்கெட்டில் வரும் விதை ரோஸ், பச்சை, நீலம் என்று நிறம் பூசி இருக்கும். அது பூஞ்சைக்கொல்லி மருந்து, பிள்ளைகள் கைக்கு ஆகாது. தெருவோரத்தில் பொறுக்கி வருவதிலும் கவனம் தேவை. பிள்ளையார் கண்ணுக்கு வைக்கும் குன்றிமணி, ஆமணக்கு, அரளி, ஊமத்தை இந்த நான்கும் வகுப்பு வாசலைத் தாண்டக் கூடாது. குன்றிமணியும் ஆமணக்கும் பார்க்க அழகாக இருப்பதால் யாராவது ஒரு பாட்டி ஆசையாகக் கொடுத்தனுப்புவார்; மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்றும் அதே சீட்டில் கேளுங்கள். தின்பதற்கு முழு வேர்க்கடலை ஐந்து வயது வரை கொடுக்கவே வேண்டாம்.

இனி முளைக்க வைப்பது. உங்கள் பஞ்சுக் கப் அழுகியதற்குக் காரணம் தண்ணீர் குறைவல்ல, காற்றுக் குறைவு. முளைக்கும் விதை மூச்சு விடும். சொதசொதவென்று நனைந்த பஞ்சுக்குள் காற்று நுழையாது. வருகிற பிள்ளையெல்லாம் பாசத்தோடு ஒரு மூடி தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் நாள் நாற்றம் வரும். வெள்ளிக்கிழமை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், திங்கள்கிழமை வகுப்பறைக் கதவைத் திறக்க முடியாது.

ஆகவே திங்கள்கிழமை தொடங்குங்கள். பச்சைப்பயறு ஊற ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் நுரைத்துப் புளித்துவிடும். காலையில் பிள்ளைகள் ஊறப்போடட்டும். பள்ளி விடும்போது பாத்திரத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோய், மாலையில் தண்ணீரை வடித்து, ஒரு முறை அலசி, ஈரத்துணியில் கட்டிவைத்து, செவ்வாய் காலை அப்படியே கொண்டுவாருங்கள். மூட்டையை அவர்களே அவிழ்க்க வேண்டும். நேற்றுப் போட்டதில் ஒரு பிடியை ஊறவைக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பரப்பலாம். 'உப்பியது' என்ற சொல்லை நீங்கள் சொல்லித்தர வேண்டியிராது. சில பயறில் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும்.

கப்புக்குப் பதில் 200 மில்லி பிடிக்கும், கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டம்ளர் எடுங்கள். பழைய வேட்டித் துணியை டம்ளரின் உயரத்துக்குக் கிழித்து உட்புறச் சுவரோடு ஒட்டினாற்போல் சுற்றுங்கள். துணி சரிந்து விழாமல் இருக்க நடுவில் கசக்கிய செய்தித்தாளை அடையுங்கள். ஊறிய விதையைத் துணிக்கும் சுவருக்கும் நடுவில், விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. கீழே செருகுங்கள். ஒரு டம்ளருக்கு நான்கைந்து விதை போதும். அடியில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் துணி தானே உறிஞ்சி மேலே கொண்டுவரும். விதை தண்ணீருக்குள் முங்கக் கூடாது. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பஞ்சில் மறைந்து போகும் வேர் இதில் சுவரோரமாகக் கண்ணெதிரே இறங்கும்.

இருபது டம்ளர் வேண்டாம். நான்கு பேருக்கு ஒன்றாக ஐந்து வையுங்கள். ஆளுக்கொன்று கொடுத்தால் முளைக்காத டம்ளரின் சொந்தக்காரர் அழுவார். ஐந்தும் போக இரண்டைச் சத்தமில்லாமல் அலமாரி மேல் போட்டு வையுங்கள். ஏதாவது ஒன்று கவிழும், அது நிச்சயம். தண்ணீர்ப் பொறுப்பு ஒரு நாளைக்கு ஒரே பிள்ளைக்கு. குறைந்திருந்தால் மட்டும், தேக்கரண்டியால்.

ஆறாவது டம்ளர் ஒன்று உண்டு. அதில் வேண்டுமென்றே முளைக்காதவற்றைப் போடுங்கள்: உடைத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை. பச்சைப்பயறும் பாசிப்பருப்பும் ஒரே பொருள்தான் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. மூன்று நாள் கழித்து ஒன்று வேர் விட்டிருக்கும், இன்னொன்று கொழகொழத்துப் போயிருக்கும். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம், நாறும். 'ஏன் இது வரவில்லை?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஆசிரியர்களால் முடியாத வேலை இதுதான். இரண்டாவது நொடியிலேயே விடையைச் சொல்லிவிடுவோம். 'அதுக்குத் தூக்கம் வருது', 'அதுக்குச் சட்டை இல்ல' என்று எது வந்தாலும் திருத்த வேண்டாம். சட்டை இல்லை என்று சொன்ன பிள்ளை விதைத்தோலைக் கவனித்துவிட்டது.

வளர்ச்சியை அளக்க ஸ்கேல் வேண்டாம். வியாழக்கிழமையிலிருந்து தினமும் ஒரு வண்ணத்தாள் நாடாவைச் செடியின் பக்கத்தில் நிறுத்தி, அதன் உயரத்துக்கு நறுக்கி, சுவர்த்தாளில் வரிசையாக ஒட்டுங்கள். கீழ் ஓரம் எல்லாவற்றுக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. சனி, ஞாயிறுக்கு இரண்டு இடம் காலியாக விடுங்கள். திங்கள்கிழமை நாடா வெள்ளிக்கிழமையைவிடப் பல மடங்கு நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பள்ளி பூட்டியிருந்தபோதும் செடி வேலை செய்தது என்று யாராவது ஒருவர் சொல்லுவார். சார்ட் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் இதுதான் சார்ட்.

ஆடி மாதம் என்பதால் இன்னொன்றும் கூடும். உங்கள் ஊரில் முளைப்பாரி எடுக்கும் வழக்கம் இருந்தால் யாராவது ஒரு பாட்டியை வரச் சொல்லுங்கள். முளைப்பாரியை வெளிச்சம் படாத இடத்தில் வளர்ப்பார்கள். அதனால்தான் அது வெளிர்மஞ்சளாக, நெட்டையாக வருகிறது. உபரியாகப் போட்ட டம்ளரில் ஒன்றை அலமாரிக்குள் வைத்து, ஒரு வாரம் கழித்து ஜன்னலோரத்து டம்ளரோடு சேர்த்து வைத்தால் பாட்டி சொன்னதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் பிறகு மஞ்சள் செடியை வெயிலுக்கு மாற்றுங்கள். ஓரிரு நாளில் பச்சை பிடிக்கும்.

முளைப்பு தானாக நடந்துகொண்டிருக்க, தினசரி வேலை மூலைகளில் நடக்கும். நான்கு மூலை, மூலைக்கு ஐந்து பேர். ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 நிமிடம். ஒரே நாளில் நான்கு சுற்றும் ஓட்டாதீர்கள். இரண்டு இன்றைக்கு, இரண்டு நாளைக்கு. மூலை மாறும் நேரத்தில்தான் ரகளை வரும். அதனால் அதைக் குறைப்பதே லாபம். இருப்பது இரண்டு பெரியவர்கள், எனவே விதை மூலை எந்நேரமும் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற இரண்டு மூலையில் படம் வரைதல், மரக்கட்டை என்று தானாக ஓடும் வேலையை வையுங்கள்.

அள்ளி ஊற்றும் மூலைக்கு அரிசி வேண்டாம். சோற்றுக்குரியதைக் கொட்டி விளையாடுவதைப் பல வீடுகளில் ஏற்கமாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தீவனக் கடையில் பூசணம் இல்லாத மக்காச்சோளம் ஒன்றரை கிலோ வாங்கி, தூசி போகச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் கோழிக்குப் போடலாம். ஆளுக்கு விளிம்புள்ள ஒரு தாம்பாளம், அதில் கால் கிலோவுக்கு மேல் கூடாது. குவியல் பெரிதானால் கையை விட்டு அளையத்தான் தோன்றும். கொஞ்சமாக இருந்தால்தான் கரண்டியைத் தேடும். கீழே பழைய பெட்ஷீட்டை விரித்து, நின்றபடி இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார வையுங்கள். கையடக்கத் துடைப்பமும் முறமும் பக்கத்திலேயே இருக்கட்டும். சிந்தியதைக் கூட்டி அள்ளுவதும் அந்த வேலையில் சேர்த்திதான், தண்டனை இல்லை. வீட்டில் பழைய அளவுப் பாத்திரங்களான ஆழாக்கும் உழக்கும் கிடந்தால் கொண்டுவாருங்கள். இரண்டு ஆழாக்கு ஊற்றினால் உழக்கு நிரம்பும் என்பதை யாரும் சொல்லாமலேயே கண்டுபிடிப்பார்கள்.

பிரிக்கும் மூலையில் நவதானியத்தைக் கலந்து வைக்காதீர்கள். ஒன்பது வகை இந்த வயதுக்கு மிக அதிகம். முதல் நாள் இரண்டே வகை, அதுவும் நிறம், அளவு இரண்டிலும் வேறுபட்டவை: புளியங்கொட்டையும் கொண்டைக்கடலையும், வகைக்குப் பத்து. கிண்ணத்தின் அடியில் பெயர்ச்சீட்டுக்குப் பதில் ஒரு விதையை ஒட்டிவிடுங்கள். அது சரியாக வந்தால் ஒரே நிறத்தில் அளவு மட்டும் மாறுபடும் இரண்டு வகை. அதற்கும் பிறகு கண்ணைக் கட்டி, தொட்டுப் பார்த்துப் பிரிப்பது. ரவையும் கொண்டைக்கடலையும் கலந்து ஒரு சல்லடையைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குச் சத்தமே இருக்காது.

இந்த மூலைக்கு உகந்த கருவி பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஒரு புளியங்கொட்டை. பதினான்கு வரை எண்ணத் தெரியாத பிள்ளையும் குழிக்கு ஒன்று என்று வைத்துவிடும். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது எண்ணிக்கைக்கு முந்திய படி. இது வராமல் 'ஒன்று, இரண்டு' ஒப்பிப்பது வெறும் பாட்டு. முடிக்கும்போது திரும்பவும் குழிக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். காலியாக ஒரு குழி இருந்தால் அந்தக் கொட்டை பாக்கெட்டில் இருக்கிறதா, மூக்கில் இருக்கிறதா என்று அப்போதே தேடிவிடலாம்.

மூன்றாவது, பிதுக்கும் மூலை. காய்ந்த மொச்சையை முதல் நாள் இரவே, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறும்படி போடுங்கள். ஆளுக்கு ஆறு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் விரலில் தங்கி, பருப்பு வழுக்கிக்கொண்டு முன்னால் பாயும். முதல் தடவை எல்லோருக்கும் தப்பி ஓடும். அதற்காகவே எதிரில் உயரமான கிண்ணம் ஒன்று இருக்க வேண்டும். உரித்த பருப்பை நகத்தால் இரண்டாகப் பிளந்தால் ஓரத்தில், அரிசிமணியைவிடச் சிறியதாக, மடங்கிப் படுத்திருக்கும் முளை தெரியும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும் என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு மேல் மொச்சை அலுத்துவிடும்; முற்றிய வெண்டைக்காயைப் பிளப்பதும் காராமணிக் காயை உரிப்பதும் இதே விரல்களுக்கு வேலை.

பெற்றோருக்கான பதிலும் இந்த மூலையில்தான் இருக்கிறது. பென்சிலைப் பிடிப்பதும் இதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். இவை வலுப்படும் முன் எழுத வைத்தால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்து, தோள்பட்டையால் எழுதும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்குவதைவிட, அவர்களையே ஆளுக்கு ஆறு மொச்சை பிதுக்கச் சொல்லுங்கள். அளப்பது, ஊற்றுவது எல்லாம் புது நாகரிகம் என்று யாராவது சொன்னால், இப்படிக் கையால் செய்து கற்கும் முறையை வகுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தது 1939-ல் என்று சொல்லலாம். இத்தனைக்கும் மேல் எழுத்து வேண்டும் என்றால், வாரம் ஒரு முறை பிள்ளை வரைந்த படத்தின் கீழே அது சொல்லும் வாக்கியத்தை, அதன் சொற்களிலேயே, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுதுங்கள். தன் பேச்சு எழுத்தாக மாறுவதைப் பார்ப்பதும் எழுதப் படிப்பதன் ஒரு பகுதி.

மண் வேலையை இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதைப்பந்துக்கு மூன்று பங்கு களிமண் கலந்த செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கி வாடை போன எரு. ஆளுக்கு எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை என்றால் மொத்தம் இரண்டு கிலோ கலவை போதும். தண்ணீரைக் கடைசியில், தெளித்துத் தெளித்துச் சேருங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். இளகினால் உருண்டை சப்பையாகும், வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். உள்ளே மரவிதை வைப்பது இப்போது வழக்கம்; இந்த வயதுக்கு அது வேண்டாம். வேம்பு எப்போது முளைக்கும் என்று நான்கு வயசு காத்திருக்காது. காராமணி வைத்து, பள்ளி வளாகத்திலேயே ஒரு மூலையில் போட்டுத் தண்ணீர் தெளித்து வந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தலை காட்டும். கையில் புண் இருக்கும் பிள்ளைக்கு எரு வேண்டாம். மற்றவர்களுக்கு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல்.

ஒட்டும் படம் கட்டாயம் வேண்டுமென்றால் பசையை நீங்களே காய்ச்சுங்கள்: கால் கப் மைதாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடி போல் வரும்போது இறக்க வேண்டும். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, அந்தப் பசை இங்கே ஆகாது. மயில்துத்தம் இல்லாத பசை மறுநாள் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்சினால் போதும்.

கடைசியாக, மண்ணைத் தொட மாட்டேன் என்று அழும் குழந்தை. அவளைக் கையைப் பிடித்து மண்ணில் வைக்க வேண்டாம். 'எல்லாரும் தொடுறாங்க பாரு' என்ற பேச்சும் வேண்டாம். ஈரமும் பிசுபிசுப்பும் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தாங்க முடியாதவை. முதல் இரண்டு நாள் உலர்ந்த மக்காச்சோளம் மட்டும், கரண்டியோடு. பிறகு தண்ணீர் தெளிக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். மண் கலவைக்கு மிக அருகில் நிற்பாள், ஆனால் தொட வேண்டியிராது. அடுத்து, கலவையை ஜிப் பையில் போட்டு மூடி, பைக்கு மேலே அமுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் துண்டும் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்தால் ஒரு விரல் முன்னே வரும். இரண்டு வாரத்தில் அந்த ஒரு விரல்தான் வந்தது என்றால் அதையே உங்கள் பதிவேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். வீட்டிலும் சோறு பிசைவது, தலை வாருவது, புதுத் துணி உடுத்துவது எல்லாவற்றுக்கும் இப்படித்தான் அழுகிறாள் என்று தாய் சொன்னால், குழந்தை நல மருத்துவர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.